சாய்க்கோவ்ஸ்கி ஆறாவது சிம்பொனி: விசிறி ஓடும் அறையில் எந்தப் பதிவு எடுபடும்?

பாம்பன்கரை:

வணக்கம். பாம்பனில் மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் 20, 25 பேர் கூடி இசை கேட்கிறோம். அடுத்த மாதத்துக்குச் சாய்க்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனி என்று முடிவு. வருபவர்களில் பாதிப் பேருக்குக் கர்நாடக சங்கீதம் நன்றாகத் தெரியும். நாகசுரம் வாசிக்கிறவர்கள் இரண்டு பேர் உண்டு. ஆனால் ஒரு முழு சிம்பொனியை உட்கார்ந்து கேட்பது பலருக்கும் இதுதான் முதல் தடவை.

கையில் மூன்று பதிவுகள் இருக்கின்றன (நடத்துநர், ஆர்கெஸ்ட்ராவின் ஊர், ஆண்டு என்ற வரிசையில்). ம்ராவின்ஸ்கி லெனின்கிராட் 1960, கராயன் பெர்லின் 1964, பெர்ன்ஸ்டைன் நியூயார்க் 1986. அறை 24 அடிக்கு 16 அடி, கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, மூன்று மின்விசிறி. விசிறியும் வெளிக்காற்றும் சேர்ந்து போன் மீட்டரில் 50 டெசிபல் காட்டுகிறது. ஆறரை அங்குல ஸ்பீக்கர் ஒரு ஜோடி, 60 வாட் ஆம்ப்.

சிக்கல் இதுதான். தொடக்கத்தில் வரும் பாசூன் (தணிந்த குரலுள்ள குழல் வாத்தியம்) காதில் விழும் அளவுக்கு வால்யூம் வைத்தால், முதல் பகுதியின் நடுவில் ஆர்கெஸ்ட்ரா திடீரென்று ஓங்கி அடிக்கும் அந்த அடியில் ஸ்பீக்கர் கரகரக்கிறது. அடிக்குத் தகுந்த மாதிரி குறைத்தால், அதற்கு முந்தைய ஒரு நிமிடம் விசிறிக்குள் கரைந்துபோகிறது.

இன்னொன்று. கடைசிப் பகுதி ம்ராவின்ஸ்கியிடம் 10 நிமிடம்கூட இல்லை, பெர்ன்ஸ்டைனிடம் 17 நிமிடத்தைத் தாண்டுகிறது. ஒரே இசைத்தாளைப் பார்த்து வாசிப்பதில் இவ்வளவு வித்தியாசமா? எதைப் போடலாம்?

தேவிபட்டினம்:

உங்கள் மூன்றில் ம்ராவின்ஸ்கி. ஆனால் உங்கள் கூட்டத்துக்கு நான்காவதாக ஒன்றைச் சொல்வேன்: பியர் மோன்தோ, பாஸ்டன் சிம்பொனி, 1955. ஸ்டீரியோ தொடங்கிய காலத்துப் பதிவு. காரணம் கடைசிப் பகுதியின் முதல் வரியில் இருக்கிறது.

அந்தப் பகுதி பி மைனர். அந்த பி சுரத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், அந்த வரி நம் காதில் ப ம க ரி ச ரி என்று இறங்குகிறது. (நடபைரவியின் சாயல், உங்கள் நாகசுரக்காரர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.) ஆனால் இந்த வரியை மேடையில் யாருமே வாசிப்பதில்லை. ப-வை இரண்டாம் வயலின்கள் வாசிக்க, ம முதல் வயலின்களிடம் இருக்கிறது. க மறுபடி இரண்டாம் வயலின்களுக்கு, ரி முதல் வயலின்களுக்கு என்று சுரத்துக்குச் சுரம் மாறி மாறிப் போகிறது. எந்த வரிசையைத் தனியாக வாசிக்கச் சொன்னாலும் ஏறியும் இறங்கியும் தாவுகிற, ஒட்டாத சுரங்கள்தான் கிடைக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் அந்த அழுகை. பின்னால் இதே வரி திரும்பி வரும்போது முதல் வயலின்களுக்கே முழுசாகக் கொடுத்துவிடுகிறார் சாய்க்கோவ்ஸ்கி. அதனால் முதலில் அப்படிப் பிரித்தது தற்செயல் இல்லை.

சாய்க்கோவ்ஸ்கி காலத்தில் முதல் வயலின்கள் நடத்துநருக்கு இடப்பக்கம், இரண்டாம் வயலின்கள் வலப்பக்கம் உட்காருவது வழக்கம். வரி மேடையின் குறுக்கே இங்கும் அங்கும் ஆடும். 20ஆம் நூற்றாண்டில் பல ஆர்கெஸ்ட்ராக்கள் இரண்டையும் இடப்பக்கமே சேர்த்து வைத்துவிட்டன. கராயன் பதிவும் அப்படித்தான், அதில் இது ஒரே திரையாகக் கேட்கும். திரை அழகுதான், ஆனால் எழுதிய விஷயம் அதற்குள் மறைந்துவிடுகிறது. ம்ராவின்ஸ்கி, மோன்தோ, க்ளெம்பரர் (பில்ஹார்மோனியா, 1961) மூவரும் பிரித்து உட்கார வைத்தவர்கள். மூன்றாம் பகுதி ஒரு மார்ச் (அணிவகுப்பு நடை), க்ளெம்பரரிடம் அது மிக நிதானம். முதல் தடவை கேட்பவர்களுக்கு அதை வைக்கமாட்டேன்.

ம்ராவின்ஸ்கி வாங்கும்போது ஆண்டைப் பாருங்கள். அதே நடத்துநர், அதே ஆர்கெஸ்ட்ரா, அதே மஞ்சள் லேபிளில் (டாய்ச் கிராமபோன்) 1956 பதிவும் உண்டு. அது மோனோ, மேலே சொன்ன ஆட்டம் அதில் தெரியாது. 1960இல் வியன்னாவில் பதிவானதுதான் ஸ்டீரியோ.

இனி நேரக் கணக்கு. அச்சான தாளில் கடைசிப் பகுதிக்கு நிமிடத்துக்கு 54 தட்டு என்று போட்டிருக்கிறது. நொடிக்கு ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. அதை ஒட்டிப் போனால் 10 நிமிடத்துக்குப் பக்கத்தில் முடியும். பெர்ன்ஸ்டைன் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலான காலப்பிரமாணத்தில் எடுக்கிறார். அதில் எது கெட்டுப்போகிறது என்றால், நடுவில் மேஜருக்கு மாறி ஓர் ஆறுதலான வரி வரும்போது ஹார்ன் என்ற பித்தளைக் கொம்புகள் அடியில் நாடி மாதிரி துடித்துக்கொண்டே இருக்கும். கடைசிப் பக்கத்தில் அதே துடிப்பு டபுள் பாஸுக்கு இறங்கி, மெலிந்து நின்றுபோகும். அது நாடியாகக் கேட்க ஒரு வேகம் வேண்டும். மிக மெதுவாக்கினால் தனித்தனி அடியாகிவிடுகிறது, துடிப்பு இல்லை.

தொண்டி:

தேவிபட்டினம் அண்ணே சொன்னது சரி, ஆனா பெர்ன்ஸ்டைனை இவ்வளவு சீக்கிரம் ஒதுக்க வேண்டாம். அது கச்சேரியில பதிவானது, 1986. அந்த மெதுவுக்குள்ள வயலின் வில் எங்கேயும் அறுந்துபோகலை. வரியோட ஒவ்வொரு சுரத்துக்குள்ளேயும் அழுத்தம் கூடிக் குறையுறது கேக்குது. விளம்ப காலத்துல ஒரு ராகத்தைக் கேட்டுப் பழகின காது அதைத் தாங்கும். நம்ம ஆளுங்க அங்கேதான் உருகுவாங்க. தாள்ல இருக்கிற 54க்கு அது பொருந்தாதுங்கறதை ஒத்துக்கிறேன்.

ஆனா முதல் தடவைக்கு வேண்டாம், அதுல உங்க கட்சிதான். முழுசா கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும், பிளாஸ்டிக் நாற்காலியில அது நீளம். ரெண்டாவது கூட்டத்துல கடைசிப் பகுதியை மட்டும் ம்ராவின்ஸ்கி, பெர்ன்ஸ்டைன்னு பக்கத்துல பக்கத்துல போடுங்க. அரை மணி நேரம்கூட ஆகாது. நடத்துநர்னு ஒருத்தர் எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு அதுக்கு மேல விளக்கம் தேவைப்படாது.

கராயன் ஏழு தடவை இதைப் பதிவு பண்ணியிருக்கார், 1939ல ஆரம்பிச்சு 1984 வரைக்கும். வேறு யாராவது "கராயன் பதிவு நல்லா இருக்கு"ன்னா எந்த வருஷம்னு கேட்டுக்குங்க.

கீழக்கரை:

ஒலி விஷயத்தை மட்டும் சொல்றேன்.

உங்க ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர்ல 86 டெசிபல் தருதுன்னு வைங்க, அந்த அளவு ஸ்பீக்கருக்கு அது சாதாரணம். 60 வாட்ல 104 வரும். ரெண்டு ஸ்பீக்கருக்கு 3 கூட்டி, நாலு மீட்டர் தூரத்துக்கு 8 போலக் கழிச்சா உச்சம் 99. அறை இரைச்சல் 50. பாசூன் கேக்கணும்னா அதுக்கு மேல 5 ஆவது வேணும், அதாவது 55. தொடக்கத்துக்கும் அந்த அடியோட உச்சத்துக்கும் இடையில பதிவுல 45 டெசிபல் இருந்தா 100 ஆகுது. உங்க ஆம்ப் அங்கேதான் தலையை முட்டுது. ஸ்பீக்கர் பழுது இல்லை.

அதனால தொடக்கத்தை வச்சு வால்யூம் வைக்காதீங்க. முதல் பகுதியில ஒன்பதாவது, பத்தாவது நிமிஷத்துப் பக்கம் வர்ற அடியை முதல்ல போட்டு, நடு வரிசையில மீட்டர் 92 காட்டுற மாதிரி வச்சு, குமிழ்ல ஒரு பொட்டு வச்சுக்குங்க. அதுக்கப்புறம் அதைத் தொடவே கூடாது. ஆம்ப்ல பாஸ் கூட்டியிருந்தா எடுத்துருங்க. 6 டெசிபல் பாஸ் கூட்டினா அந்த இடத்துல நாலு மடங்கு வாட் கேக்கும், கரகரப்புல பாதி அதுவாத்தான் இருக்கும். ஜன்னல் கம்பி, ஸ்பீக்கர் முன்வலை, மேலே வச்சிருக்கிற போட்டோ இதெல்லாம் அதிருதான்னும் ஒரு தடவை கையை வச்சுப் பாருங்க.

அடுத்து இரைச்சலைக் குறைக்கணும். விசிறியை ஒண்ணாம் நம்பர்ல விட்டு, காத்து வர்ற பக்கத்து ஜன்னலை மட்டும் சாத்துங்க. கச்சான் காத்து அடிக்கிற காலத்துல இது ரொம்ப முக்கியம், ஜன்னல் இடுக்குல ஊதுற காத்து விசிறியை விட மோசம். 43, 44க்கு வந்துட்டா பாதி வேலை முடிஞ்சது.

மீதிக்கு ஆடாசிட்டிங்கற ஒலி எடிட்டிங் மென்பொருள்ல கோப்பைத் திறந்து, அடிக்கு முன்னால உள்ள ஒரு நிமிஷத்தை மட்டும் என்வலப் கருவியால மெல்ல மெல்ல 5 டெசிபல் தூக்குங்க. முதல் 40 நொடியில ஏறணும், அடி விழுற அந்தக் கணத்துல சட்டுனு பூஜ்யத்துக்கு வரணும். அடியோட சத்தத்துல அந்த இறக்கம் யாருக்கும் தெரியாது. சத்தத்தைத் தானா அமுக்கிச் சமப்படுத்துற கம்ப்ரஸர் மட்டும் போடாதீங்க. அடி விழுந்ததும் அது எல்லாத்தையும் அமுக்கிரும், விடுறதுக்கு நேரம் எடுக்கும், அடுத்து ஸ்ட்ரிங்ஸ் பாய்ஞ்சு ஓடுற இடம் மூச்சு முட்டின மாதிரி கேக்கும். ஆம்ப்ல இருக்கிற இரவு மோடும் அதே வேலைதான்.

போன் ஆப்ல இருந்து போடுறதா இருந்தா வால்யூம் சமப்படுத்துற வசதியை அணைச்சிருங்க. பாட்டுக்குப் பாட்டு சமப்படுத்தினா கடைசிப் பகுதியைத் தூக்கி மார்ச்சுக்குச் சமமா வச்சுரும், சிம்பொனியே கவுந்துரும். ஒரு பகுதியோட முடிவையும் அடுத்ததோட தொடக்கத்தையும் கலக்குற கிராஸ்ஃபேடும் அணைச்சிருக்கணும்.

ஸ்பீக்கரை 3 மீட்டர் இடைவெளியில வச்சு, நல்லா உள்பக்கம் திருப்புங்க. ரெண்டோட பார்வைக் கோடும் முதல் வரிசைக்கு ஒரு மீட்டர் முன்னாலேயே வெட்டிக்கணும். இடப்பக்கம் உட்கார்ந்தவருக்கு இடது ஸ்பீக்கர் கிட்டே இருந்தாலும் முகம் திரும்பியிருக்கும், வலதுதான் நேரா பார்க்கும். அதனால ஓரத்துல உட்கார்ந்தவங்களுக்கும் அந்த வயலின் ஆட்டம் ஓரளவு கிடைக்கும். தரையில ரெண்டு சமுக்காளம் விரிச்சிருங்க, டைல்ஸ் எதிரொலி பாதி அடங்கும்.

தொண்டி:

கீழக்கரை காக்கா (அண்ணே), கணக்கெல்லாம் சரி. ஆனா பதிவுல கை வைக்கிறது மனசு ஒப்பலை. அடிக்கு முன்னால அந்த இடத்துல சாய்க்கோவ்ஸ்கி ஆறு "பி" போட்டிருக்கார். தாள்ல சத்தம் மெல்லிசுன்னா ஒரு பி, ரொம்ப மெல்லிசுன்னா ரெண்டு பி. ஆறு போட்டவர் கேக்கக் கஷ்டப்படணும்னுதானே போட்டிருக்கார்? 5 டெசிபல் தூக்கினா அந்தக் காதைத் தீட்டுற அனுபவமே போயிருமே. விசிறியை அந்த ஒரு நிமிஷம் நிறுத்திட்டா என்ன?

கீழக்கரை:

நிறுத்தலாம். ஆனா விசிறி அடங்க அரை நிமிஷத்துக்கு மேல ஆகும். அடிக்கு ரெண்டு நிமிஷம் முன்னாலேயே சுவிட்சை அணைக்கணும், அணைக்கிறவருக்கு இசை மனப்பாடமா தெரிஞ்சிருக்கணும். இல்லாட்டி எல்லாரும் சுவிட்சைத் திரும்பிப் பார்ப்பாங்க, "ஏதோ வரப்போகுது"ன்னு தெரிஞ்சுரும். அந்த அடிக்கு முன்னறிவிப்பே இருக்கக் கூடாது. அதுக்கு 5 டெசிபல் மேல். 25 பேர் மூச்சு விடுற அறையில ஆறு பி எப்படியும் தாளில் உள்ளபடி கிடைக்காது, தம்பி.

பாம்பன்கரை:

மூவருக்கும் நன்றி. ஸ்பீக்கரைத் திருப்பியதுமே வித்தியாசம் தெரிந்தது. பாஸ் கூட்டியிருந்தது உண்மை, எடுத்துவிட்டேன்.

ஒரு சந்தேகம். அந்த ஆறு பி இடம் பாசூன் என்று படித்தேன். ஆனால் என்னிடம் உள்ள பதிவில் கிளாரினெட்டே தொடர்ந்து கீழே இறங்குவதுபோல் வழவழவென்று கேட்கிறது. எது சரி?

தேவிபட்டினம்:

இரண்டும் நடக்கிறது. தாளில் கிளாரினெட் இறங்கி வந்து, கடைசிச் சில சுரங்களைப் பாசூனிடம் கொடுக்கிறது. பாசூன் இரட்டை நாக்கு வாத்தியம். சீவாளி மாதிரியே இரண்டு பட்டைகள் அதிர வேண்டும், அதற்குக் குறைந்தபட்ச மூச்சு தேவை. கீழ் ஸ்தாயியில் மூச்சு அதற்கும் கீழே போனால் ஒலி பேசாமலே நின்றுவிடும், இல்லை என்றால் திடீரென்று கனைக்கும். நாகசுரத்தில் மந்தர ஸ்தாயியை மிக மெல்லியதாக ஊதச் சொன்னால் என்ன ஆகும் என்று உங்கள் இருவரிடமே கேட்டுப் பாருங்கள். அதனால் பல நடத்துநர்கள் அந்தச் சுரங்களைப் பேஸ் கிளாரினெட்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். அது ஒற்றை நாக்கு, ஏறக்குறைய மூச்சே இல்லாமல் ஒலிக்கும்.

என் கட்சி பாசூன். நூலிழையில் நடக்கிற அந்தப் பயம் அதில்தான் இருக்கிறது. ஆனால் இதை வைத்துப் பதிவைத் தள்ளமாட்டேன். அடையாளம் காண: கடைசிச் சுரங்களில் ஒலியின் நிறம் மாறி, கொஞ்சம் மூக்கால் பேசுகிற மாதிரி சொரசொரத்தால் பாசூன். மாறாமல் இருட்டாகவே இறங்கினால் பேஸ் கிளாரினெட்.

அதே முதல் பகுதியில் இன்னோர் இடத்தையும் சொல்லி வையுங்கள். அடிக்குப் பிறகு எல்லாம் அலைமோதிக்கொண்டிருக்கும்போது பித்தளை வாத்தியங்கள் ஒரு மெல்லிய, நேரான வரியை வாசிக்கும். அது ரஷ்யத் திருச்சபையில் இறந்தவருக்காகப் பாடுகிற கீதம், புனிதர்களோடு இளைப்பாற்றி தரும்படி கேட்பது. கேட்பவருக்கு அது தெரிந்திருந்தால் கடைசிப் பகுதி எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும். ம்ராவின்ஸ்கியின் பித்தளைக்காரர்கள் இதை லேசான நடுக்கத்தோடு ஊதுகிறார்கள், குரல் மாதிரியே இருக்கிறது. பாஸ்டன்காரர்களிடம் அது அந்த அளவுக்கு இல்லை. இந்த ஓர் இடத்துக்காக ம்ராவின்ஸ்கிதான் மேல் என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன்.

யான்சன்ஸ் ஆஸ்லோ பதிவை யாராவது சொல்லக்கூடும், 1986. வேகம், ஒழுங்கு எல்லாம் அருமை. ஆனால் எதிரொலி அதிகமான இடத்தில் பதிவானது. உங்கள் கான்கிரீட் அறையின் எதிரொலியும் சேர்ந்தால் மார்ச் குழம்பிப்போகும். ஹெட்போனில் கேட்க வைத்துக்கொள்ளுங்கள். கரென்ட்சிஸ் பதிவும் (2017இல் வெளியானது) ஹெட்போனுக்கே. அதன் மெல்லிய இடங்களுக்கும் பெரிய இடங்களுக்கும் இடையிலான தூரம் எந்த விசிறி அறைக்கும் ஒத்துவராது.

உப்பூர்:

இரண்டாவது பகுதியைப் பற்றி யாரும் பேசவில்லையே. உங்கள் கூட்டத்துக்கு அதுதான் வாசல்.

5/4 தாளம். மேற்கத்தியக் கேட்பவர்கள் இதை நொண்டுகிற வால்ட்ஸ் (மூன்று தட்டு ஆட்ட இசை) என்பார்கள். நமக்கு இது 2+3, தக தகிட, கண்ட சாப்பின் கணக்கு. போடுவதற்கு முன் ஒரு நிமிடம் எல்லோரையும் தொடையில் தட்ட வைத்துவிடுங்கள், பிறகு யாருக்கும் நொண்டாது. நிமிடத்துக்கு 144 தட்டு என்பது தாளில் உள்ளது. நடத்துநர் மெதுவாக்கினால் ஐந்தாவது தட்டில் ஒரு தொங்கல் வரும், ஆட்டம் தளர்ந்துவிடும். ம்ராவின்ஸ்கி இதை நடக்கவிடுகிறார். நடுவில் டிம்பனி (பெரிய முரசு) ஒரே சுரத்தை விடாமல் தட்டிக்கொண்டிருக்கும் இடம் வரும். அங்கே தாளம் போட்டுக்கொண்டே இருந்தால் மேலே வயலின்கள் எங்கே சாய்கின்றன என்பது கைக்கே தெரியும்.

இன்னொரு விஷயம், கைதட்டல். மூன்றாம் பகுதி முடிவது தனி ஆவர்த்தனம் முடிகிற மாதிரி இருக்கும். சிம்பொனியே முடிந்துவிட்டது என்று எல்லோரும் தட்டுவார்கள். பெரிய நகரங்களிலும் தட்டுகிறார்கள். தடுக்காதீர்கள். அங்கே பாஸ் செய்துவிட்டு, தட்டி முடித்து அறை அடங்கியதும் கடைசிப் பகுதியைத் தொடங்குங்கள். கைதட்டல் மேலேயே அந்த ப ம க ரி விழுந்தால் முதல் இரண்டு சுரம் போய்விடும், இவ்வளவு தூரம் ஸ்பீக்கரைத் திருப்பியதே அதற்காகத்தான்.

தொண்டி:

உப்பூர் அண்ணே சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்குங்க. கடைசிப் பகுதியில ஒரே ஒரு தடவை பெரிய காங் மெல்ல அடிக்கும். முழு சிம்பொனியிலயும் அதுக்கு அந்த ஒரு அடிதான். நம்ம ஊர்ல சாவு வீட்டுச் சேகண்டியைக் கேட்டவங்களுக்கு விளக்கமே வேண்டாம். அதுக்கப்புறம் டிராம்போனும் டியூபாவும் தணிஞ்ச குரல்ல ஒரு வரி. அந்தச் சேகண்டி விழுந்ததும் விசிறியை நிறுத்துங்க, காக்கா. இங்கே முன்னறிவிப்புன்னு யாரும் நினைக்கமாட்டாங்க, இனிமே அடி ஒண்ணும் இல்லை. விசிறி அடங்குறதுக்கும் செல்லோவும் பாஸும் மட்டும் மிஞ்சுறதுக்கும் நேரம் சரியா இருக்கும்.

கீழக்கரை:

அது நல்ல யோசனை, அப்படியே செய்ங்க. அந்தக் கடைசிப் பக்கம் முழுக்கக் கீழ் ஸ்தாயி, ஆறரை அங்குல ஸ்பீக்கர்ல ஏற்கெனவே மெலிஞ்சுதான் வரும். விசிறி இருந்தா ஒண்ணுமே மிஞ்சாது. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு அடி தூரத்துக்குக் கொண்டுவந்தா கீழ் ஸ்தாயி கொஞ்சம் தடிக்கும். மூலையில மட்டும் வைக்காதீங்க, கும்முன்னு ஒரே சுரம் எழும்பும்.

கூட்டத்துக்கு முந்தின நாள் கேபிள் முனையெல்லாம் கழட்டிப் பாருங்க. நம்ம கரையில ஆறு மாசத்துல ஜாக்கு பச்சை பிடிச்சுரும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலை பட்ஸ்ல தொட்டுத் துடைச்சு, ரெண்டு மூணு தடவை சொருகி எடுங்க. ஒரு சேனல் விட்டு விட்டு வர்றது மத்தப் பாட்டுல தெரியாமக்கூட போகும், மோன்தோ பதிவுல தெரியும். சோதிக்கக் கடைசிப் பகுதியோட முதல் வரியைப் போடுங்க. ப, க, ச மட்டும் ஓங்கிக் கேட்டு ம-வும் ரி-யும் எங்கேயோ தூரத்துல இருந்தா இடது பக்கம் போச்சுன்னு அர்த்தம். ம, ரி ஓங்கினா வலது.

பாம்பன்கரை:

துடைத்தாயிற்று. ப-வும் க-வும் வலப்பக்கம், ம-வும் ரி-யும் இடப்பக்கம், இரண்டும் ஒரே பலத்தில் வருகின்றன. மோன்தோவைப் போடுகிறோம். அடுத்த கூட்டத்தில் கடைசிப் பகுதி மட்டும், ம்ராவின்ஸ்கி முதலில், பெர்ன்ஸ்டைன் பிறகு.